அஞ்சு ஸ்டார் இருட்டு

திருவொற்றியூர்,
8.9.2008

என் கூடப் பிறந்த தங்கை செல்லம்மாவுக்கு அக்கா தாயம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நானும் மகன் ஜெயவேலும் பேரப் பிள்ளைகளும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம். அரக்கோணத்தில் நீயும், உன் முட்டி வலியும், மகள் நீலாவும், மருமகன் ராசையாவும், பெங்களூரில் பேரன் பாரியும் எப்படி இருக்கிறீர்கள் என்று தெரிந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

முதலில் நம் வீட்டுப் பிள்ளைகள் சேதி. பெரிய பேரன் எழிலன் கண்டெய்னர் யார்டில் சூப்பர்வைசருக்கு அடுத்த ஆளாகிவிட்டான். அடுத்த ஆள் என்றால் அவர் லீவு போட்டால் இவன்தான் எல்லாம். அவர் லீவு போடுவதில்லை, அது வேறு விஷயம். சின்னவன் மதி பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையை மூன்றாம் தடவையில் பாஸ் செய்துவிட்டான். முதல் தடவையே பாஸ் செய்கிற பிள்ளைகள் அந்தப் புத்தகத்தை ஒரு வருஷத்தில் மறந்துவிடும், இவன் இனி ஜென்மத்துக்கும் மறக்கமாட்டான். பேத்தி மாயாவைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம், இருந்தாலும் சொல்கிறேன். பி.காம். முடித்துக் கப்பல் ஏஜெண்ட் ஆபீஸில் கணக்குப் பார்க்கிறாள், மேனேஜருக்கே இங்கிலீஷில் பதில் சொல்கிறாள், சொந்தச் சம்பளத்தில் கேமரா வைத்த செல்போன் வாங்கியிருக்கிறாள், அவளுக்கு இரண்டு கண்ணும் நன்றாகத் தெரியும். கடைசியாகச் சொன்னதை இன்னொரு தடவை படித்துவிட்டு மேலே போ. மாயாவுக்கு இரண்டு கண்ணும் நன்றாகத் தெரியும். அவள் மூக்குக் கண்ணாடி போடுகிற பெண் இல்லை.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், "போன ஞாயித்துக்கிழமை நீலா மாயாவுக்குப் பூ வச்சப்போ கையில கண்ணாடி இடிச்சுதாமே, எப்பேர்ந்து போடுறா, முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா அக்கா" என்று கடிதாசி போட்டிருந்தாய். செல்லம்மா, நீலா பூ வைத்த தலை நம் மாயாவின் தலை இல்லை. உன் பேரனுக்கும் என் பேத்திக்கும் முடிய வேண்டிய சம்பந்தம் சம்பந்தமே இல்லாத ஒரு தலையில் போய் உட்கார்ந்துவிட்டது. போனில் சொல்லலாம் என்றால், உனக்குப் போன் வருவது பக்கத்து வீட்டில், அவள் ரிசீவரை உன் கையில் கொடுத்துவிட்டுக் காதை அங்கேயே வைத்துவிட்டுப் போகிறவள். அதனால் எழுதுகிறேன். நிதானமாகப் படித்து நீலாவுக்கு எடுத்துச் சொல்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஸ்டார். நீ இரண்டு மாசம் முன்னால் வந்தபோது எங்கள் கதவில் மஞ்சள் கலரில் ஒன்று ஒட்டியிருந்ததே, அதுதான். எங்கள் பிளாக் நலச் சங்கச் செயலாளர் பொன்னுரங்கம் ஹார்பரில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவர். இத்தனை வருஷம் உயரத்தில் உட்கார்ந்தே வேலை பார்த்தவருக்குக் கீழே இறங்கினதும் எதைத் தூக்குவது என்று தெரியவில்லை, எங்களைத் தூக்கி நிறுத்தப் புறப்பட்டார். ஏதோ காலேஜ் பிள்ளைகளோடு பேசி, ஃபிரிஜ்ஜுக்கு ஒட்டுகிற மாதிரியே வீட்டுக்கும் ஸ்டார் ஒட்டப் போகிறோம், எந்த வீடு கரண்டை எப்படிப் புழங்குகிறது என்று ஆள் வந்து பார்க்கும், அஞ்சு ஸ்டார் வாங்கினால் முதல் தரம், என்று வீட்டுக்கு வீடு நோட்டீஸ் கொடுத்தார்.

உனக்கே தெரியும், நம் வீட்டை ஒருத்தர் பார்க்க வருகிறார் என்றால் அது இரண்டு விதம்தான். ரேஷன் கார்டுக்கு விசாரிக்க வந்தால் டிவி மேல் போர்வை போட்டு, மிக்ஸியை அரிசி டிரம்முக்குள் இறக்கி, கேஸ் சிலிண்டருக்குப் புடவை சுற்றி மூலையில் உட்காரவைத்து, ஊரிலிருந்து வந்த நாத்தனாருக்கு ஜுரம் என்று சொல்லிவிடுவோம். பெண் பார்க்க வந்தால் அதற்கு நேர்மாறு, பிளாக்கில் உள்ள நாற்காலியெல்லாம் நம் வீட்டு நாற்காலி. இது எந்த விதம் என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன். மார்க் போடுகிறார்கள், முதல் தரம் என்கிறார்கள், அப்போது ரேஷன் விதமாக இருக்க நியாயமில்லை, பெண் பார்க்கும் விதம்தான் என்று முடிவு கட்டினேன். நீயாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பாய்.

கீழே கடை வைத்திருக்கும் ஞானபாக்கியம், சாத்தான்குளத்துக்காரி, அவள் வீட்டு ஃபிரிஜ்ஜை இரவல் கொடுத்தாள். எழிலன் தோஸ்து வீட்டிலிருந்து ஒரு ஏர் கூலரைத் தூக்கிவந்தான். பட்டப்பகலில் இரண்டு டியூப் லைட், எல்லா ஃபேனும், டிவி, நம்முடையதும் அவளுடையதுமாக இரண்டு ஃபிரிஜ், கூலர், கல்யாண வீட்டு சீரியல் செட், அரிசி போடாமல் கிரைண்டர் எல்லாவற்றையும் ஓடவிட்டு, கரி லாரி போகிற ரோடு என்பதால் ஜன்னலை மட்டும் சாத்திவிட்டுக் காத்திருந்தேன். வந்தது ஒரு ஒல்லிப் பெண், ஜெஸ்லின் என்று பெயர், நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறது. மூக்கில் கண்ணாடி. அந்தக் கண்ணாடியை ஞாபகம் வைத்துக்கொள்.

"ஆன்ட்டி, கிரைண்டர்ல என்ன அரைக்கீங்க?"

"ஒண்ணியும் இல்லம்மா. நல்லா சுத்துதுன்னு காட்றேன்."

"பகல்ல எதுக்கு லைட்டு?"

"ரெண்டும் எரியுது பாரு. அத்தோ அந்த சீரியல் செட்டு, அது கலர் கூட மாத்தும்."

அது எழுதிக்கொண்டே இருந்தது. எழுதுகிற பெண்ணைப் பார்த்தால் எனக்கு உற்சாகம் வந்துவிடும், விட்டுப்போனதையெல்லாம் ஞாபகப்படுத்தினேன். கடைசியில் மதி இஸ்திரிப் பெட்டியைச் சொருகினான், பிளாக்கில் பாதிக்கு ஃபியூஸ் போயிற்று. சாயந்திரம் பொன்னுரங்கம் ஒரே ஒரு ஸ்டாரைக் கையில் பிடித்துக்கொண்டு மாடி ஏறி வந்தார்.

"இன்னா தாயம்மாக்கா, மொத்த பிளாக்குக்கும் ஒத்த ஸ்டாரு நீதான்."

"அந்த ஒண்ணு எதுக்காம்?"

"ஃபியூஸ் போனப்புறம் நல்லா சிக்கனமா இருந்தீங்களாம்."

அதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன். பின்னாலேயே ஞானபாக்கியம் வந்தாள். "ஏ தாயம்மா, எனக்கு நாலு போட்டுட்டுப் போயிருக்கா அந்தப் பிள்ள! வீட்டுல ஃபிரிஜ்ஜே இல்லாம குடும்பம் நடத்துதீங்களே ஆன்ட்டின்னு மெச்சிக்கிட்டா. அவசரமில்ல, அது உங்கிட்டயே ரெண்டு நாளு கிடக்கட்டும்" என்றாள். என் வீட்டில் ஓடி என் ஸ்டாரைத் தின்ற ஃபிரிஜ் அவளுடையது, மெச்சல் அவளுக்கு.

அதற்குப் பிறகுதான் நீ வந்தாய், கதவைப் பார்த்தாய், அரக்கோணம் போய் நீலாவிடம் சொன்னாய். தப்பு சொல்லவில்லை, கண்ணில் பட்டதைச் சொன்னாய். ஆனால் ராசையா கரண்ட் ஆபீஸில் லைன்மேனாக இருக்கிற மனுஷன். "ஒத்த ஸ்டாரா? அந்தப் பொண்ணு வந்தா நம்ம வூட்டு மீட்டரு ராட்டினமா சுத்துமே" என்று அவர் கேட்டதாக என் காதுக்கு வந்தது. முறைப்பெண் கண்ணெதிரே இருக்க, மீட்டரைப் பார்த்துப் பெண் எடுக்கிற காலமாகிவிட்டதா என்று எனக்கு ஆங்காரம் வந்துவிட்டது. அவர்கள் வாசல்படி ஏறும்போது கதவில் அஞ்சு ஸ்டார் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் நான் தாயம்மா இல்லை என்று பொன்னுரங்கத்தைப் பிடித்தேன். மறுபடி பார்க்கலாம், ஆனால் விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு மணி நேரம் வீட்டுக்குள்ளேயே இருந்து பார்ப்போம் என்றது ஜெஸ்லின். ஜன்னல் திறந்திருந்தால் நல்லது, காற்றும் வெளிச்சமும் வந்தால் ஃபேனும் லைட்டும் வேண்டாம் என்று பாடமும் எடுத்தது.

"அம்மாடி, எங்க பின்னாடி கண்டெய்னர் யார்டுல ராத்திரி முழுக்க மலையாட்டம் லைட்டு எரியுதே, எங்க மொட்டை மாடில ஊசி கோக்கலாம், அதுக்கு எத்தினி ஸ்டாரு?" என்று கேட்டேன்.

"அது குடியிருப்பு இல்லையே ஆன்ட்டி" என்றது.

பொன்னுரங்கம் குறித்துக் கொடுத்தது ஞாயிற்றுக்கிழமை ஆறரை மணி. நீலா பூ வைக்க வருகிறேன் என்று சொல்லி அனுப்பியதும் அதே ஞாயிறு, அதே ஆறரை. சங்கத்து நேரத்தை மாற்றச் சொன்னால், "தூக்கின சுமைய பாதில நிறுத்துனா கிரேனே சாஞ்சிடும்க்கா" என்கிறார். நல்ல நேரத்தை மாற்ற எனக்கு மனசில்லை. சரி, இரண்டும் ஒன்றாகவே நடக்கட்டும், சம்பந்தி வீட்டார் முன்னாலேயே ஸ்டார் ஒட்டட்டும் என்று துணிந்தேன். போன தடவை பெண் பார்க்கும் விதம், இந்தத் தடவை ரேஷன் விதம். டிவி, ஃபிரிஜ், கிரைண்டர் எல்லாம் ஞானபாக்கியம் வீட்டுக்கு இறங்கின. வந்தவர்கள் யாராவது பழக்கத்தில் சுவிட்சைத் தட்டிவிடுவார்கள் என்று எழிலனை விட்டு டியூப் லைட் இரண்டையும் கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளி, எல்லா பல்பையும் அரிசி டிரம்முக்குள் போட்டேன். ஜன்னல் நான்கையும் திறந்துவிட்டேன்.

மாயா மட்டும் இடுப்பில் கை வைத்து நின்றாள். "ஆயா, கரண்ட்ட வீணாக்காம இருந்தா போதும். கண்ணு தெரியாம குந்திகினு இருக்கணும்னு யாரும் சொல்லல."

"நீ போய்ப் புடவையக் கட்டுடி, பெரிய இன்ஜினீரு."

ஆறரை மணிக்கு ஜெஸ்லின் வந்து சுவரோரம் நின்றது. எங்கள் முன்கட்டு கிழக்கே பார்த்தது, யார்டு விளக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது, மழை மூட்டம் வேறு. புத்தர் படத்துக்கு முன்னால் எண்ணெய் விளக்கு ஏற்றினேன், அதற்கு ஸ்டார் குறையாது. ஆனால் திறந்த ஜன்னல் வழியே கடற்காற்று கணக்கு வைத்திருந்த மாதிரி வந்து அணைத்தது. மறுபடி ஏற்றினேன், மறுபடி அணைத்தது. அப்புறம் வத்திப்பெட்டி எங்கே வைத்தேன் என்று தடவிக்கொண்டிருக்கும்போதே கீழே வேன் வந்து நின்றுவிட்டது. நீலா முன்னால் ஏறி வந்தாள். "பெரிம்மா, டிரைவர் மாசானம் நெடுந்தூரம் ஓட்டியாந்தவரு, அவருக்கும் ஒரு வாய் தண்ணி குடு" என்றாள். பாரி "செருப்பக் கழட்டிட்டு வரேன்மா" என்று வாசலில் சொன்னதும் என் காதில் விழுந்தது. குரல்தான். முகம் யாருக்குத் தெரிந்தது?

"பெரிம்மா, கரண்டு இல்லியா?"

"கரண்டு கீதும்மா. நாங்கதான் போடல."

"ஏன்?"

"அஞ்சு ஸ்டாரு."

ராசையாதான் பேசினார். "தெருவுல எரியுது, கீழ் வூட்ல எரியுது, இங்க மட்டும் இல்லேன்னா ஃபியூஸ்தான் அத்தே. நான் இருக்க சொல்ல நீ ஏன் கவலப்படற?" என்று வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடையில் ஸ்டூல் போட்டு ஏறிவிட்டார். வேண்டாம் என்று தடுக்க நான் போவதற்குள், "ஃபியூஸு நல்லாத்தான் கீது... அய்யய்யோ அத்தே! ஹோல்டரு எல்லாம் காலி! உன் வூட்டு பல்பையெல்லாம் எவனோ அட்ச்சுகினு பூட்டான்!" என்று கத்தினார். நீலா உடனே கழுத்துச் செயினைப் பிடித்துக்கொண்டிருப்பாள், வளையல் சத்தம் கேட்டது.

அந்தக் களேபரத்தில் ஜெயவேல் மாப்பிள்ளையைக் கையைப் பிடித்து நடு நாற்காலியில் உட்காரவைத்தான்.

"வாங்க மாப்ள, இப்டி குந்துங்க."

"வேண்டாம் சார், நான் நிக்கேன்."

"அட குந்துங்க. வேலையெல்லாம் எப்டிப் போவுது?"

"ஏதோ ஓடுது சார்."

"மாசம் இன்னா வரும்?"

"மாசக் கணக்கு இல்ல சார், ஓட்டத்தப் பொறுத்து."

"உங்களுக்குக் கீழ எத்தினி பேரு?"

"கீழ யாரும் இல்ல சார். பின்னால பன்னெண்டு பேரு தாராளமா உக்காரலாம்."

பெங்களூர் கம்பெனியில் பன்னிரண்டு பேரை உட்காரவைத்து வேலை வாங்குகிற பிள்ளை, அதைக்கூடப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளத் தெரியவில்லை பார், எவ்வளவு அடக்கம்! பேச்சில் கொஞ்சம் தெற்கத்தி வாடை அடித்தது, பல ஊர்ப் பிள்ளைகளோடு பழகுகிறதுதானே. தட்டு நிறைய பஜ்ஜி வைத்தேன், கூச்சமில்லாமல் முழுக்கச் சாப்பிட்டார். மோதிரத்துக்கு ஜெயவேல் நூல் சுற்றி விரல் அளவு எடுத்தபோது, "எதுக்கு சார் இதெல்லாம்" என்றார், அவ்வளவுதான். தங்கமான பிள்ளையை வளர்த்திருக்கிறாய்.

நேரம் போய்க்கொண்டிருந்தது. "பொண்ணக் கூப்பிடு பெரிம்மா" என்றாள் நீலா. "மாயா, வந்து மணையில குந்தும்மா" என்று நான் குரல் கொடுத்தேன். நீலா இருட்டில் கையை நீட்டித் துழாவி, "வா கண்ணு, ஏன் சுவத்துல ஒட்டிகினு நிக்கிற" என்று ஒரு கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, தலையைத் தடவிப் பூவைச் சொருகினாள். "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்று சின்னக் குரல் வந்தது. ஆபீஸ் போகிற பெண் இங்கிலீஷில் சொல்கிறாள் என்று நான் பூரித்துப் போனேன். நீலாவும், "இன்னா மரியாதை பாரு!" என்றாள். அந்த நேரம் பார்த்து ரோட்டில் கரி லாரி வரிசையாகப் போயிற்று. திறந்த ஜன்னல் வழியே எல்லாம் உள்ளே வந்தது. ஆளாளுக்கு இருமல், கொசு வேறு, நல்ல நேரமும் முடிந்தது, அவசரமாகக் கிளம்பினார்கள். ஜன்னலிலிருந்து பார்த்தேன். வெள்ளையும் சள்ளையுமாக வந்த ராசையா தெருவிளக்கடியில் போய் நின்றபோது, இன்ஜினுக்குக் கரி அள்ளிப் போட்டவர் மாதிரி இருந்தார்.

பொன்னுரங்கம் டார்ச் அடித்துக்கொண்டு வந்து அஞ்சு ஸ்டாரையும் ஒட்டினார். அந்த வெளிச்சத்தில் ஜெஸ்லின் தலையில் மல்லிகைப் பூ இருந்தது. படிக்கிற பெண்ணும் பூ வைத்துக்கொள்ளும்தானே என்று விட்டுவிட்டேன். "இந்த ஏரியாவுக்கே உங்க வீடுதான் ஃபர்ஸ்ட் ஆன்ட்டி" என்று கை கொடுத்தது. படியிறங்கும்போது திரும்பி, "ஒரு சின்ன பல்பாவது போட்டிருக்கலாம் ஆன்ட்டி, அதுக்கெல்லாம் மார்க் குறைக்க மாட்டோம்" என்றது. முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

உன் கடிதாசி வந்த பிறகு மாயாவைக் கேட்டேன், நீலா உன்னைக் கூப்பிட்டபோது நீ எங்கேடி இருந்தாய் என்று. "இங்கதான் ஆயா இருந்தேன். இருட்டுல உனக்குத் தெரியல" என்கிறாள். ஆகவே செல்லம்மா, நடந்ததை நீலாவுக்குப் பக்குவமாகச் சொல். அந்த ஜெஸ்லின் பெண் பாவம், விருந்தாளிக்குப் பூ கொடுக்கிறது நம் பக்கத்து வழக்கம் என்று நினைத்து அவள் அம்மாவுக்கும் போன் போட்டுச் சொல்லியிருக்கிறதாம். அது கணக்கில் சேராது. எங்களுக்கு வசதியில்லை என்று ராசையா நினைக்க வேண்டாம், பல்பு எல்லாம் பத்திரமாக அரிசிக்குள் இருக்கிறது. இன்னொரு நல்ல நாள் பார்த்து, சரியான தலையில் பூ வைக்க வரச் சொல். இந்தச் சம்பந்தம் முறிந்தால் அஞ்சு ஸ்டாரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன், பேத்திக்குக் கட்டியா கொடுக்க முடியும்?

நீயும் உன் பிள்ளை குட்டிகளும் நோய் நொடி இல்லாமல், வாசலில் கோலமும் வீட்டில் பேச்சுச் சத்தமும் குறையாமல் இருக்க வேண்டும். கடைசியாக ஒன்று. அன்றைக்குப் பாரியின் முகத்தை எங்களில் ஒருத்தரும் பார்க்கவில்லை. என்னிடம் இருக்கிற போட்டோவில் அவன் அரைஞாண் கயிறும் பொம்மை பஸ்ஸுமாக நிற்கிறான், அதை மாயாவின் ஆபீஸில் காட்ட முடியாது. புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு. பகல் வெளிச்சத்தில் எடுத்ததாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா,
தாயம்மா.

பி.கு.: மேலே எழுதியதை நம்பாதே. பின்கோடு எழுத மாயாவிடம் கவரைக் கொடுத்தேன். அவள் கடிதாசியைப் பிரித்துப் படித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரிக்கிறாள். அன்றைக்கு அவளும் அந்த அறையில் இல்லை, உன் பேரனும் இல்லை. அவன் செருப்பைக் கழற்றியது உள்ளே வர இல்லையாம், சத்தம் வராமல் மொட்டை மாடிக்கு ஏறவாம். யார்டு விளக்கு வெளிச்சத்தில் இரண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். ஆறு மாசமாகப் போனிலும் பேச்சாம். எங்கள் நடு நாற்காலியில் உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிட்டது வேன் டிரைவர் மாசானம். அவர் விரலுக்கு எடுத்த நூலைத் தூக்கிப் போட்டாயிற்று. போட்டோ அனுப்ப வேண்டாம், மாயா செல்போனில் காட்டிவிட்டாள், இரண்டு பேரும் பட்டப்பகல் மாதிரி தெரிகிறார்கள், பாரி உன் மூக்கைக் கொண்டு பிறந்திருக்கிறான். நீலா வருகிற அன்றைக்கு எல்லா பல்பும் மாட்டியிருக்கும், ஜன்னல் சாத்தியிருக்கும். கதவிலிருந்து மதி பிளேடால் இரண்டு ஸ்டாரைச் சுரண்டிவிட்டான். மூன்று போதும், முகம் தெரியும்.